யாழில் அடங்காத இசை கணினியில் அடங்குமா?

தைப்பூசத்திற்கு முதல் நாள் அதிகாலை. ஜார்ஜ் டவுன், பினாங்கு ஸ்திரீட்டிலுள்ள நகரத்தார் கோயில் வீட்டின் முன்னே வெள்ளி இரதம் ஆயத்தமாக நிற்கிறது. 1894ஆம் ஆண்டு முதல் முருகப் பெருமானைச் சுமந்து தண்ணீர்மலை நோக்கிச் செல்லும் இரதம் அது. தீபாராதனை முடிந்து இரதம் அசையும் வேளையில் நாதஸ்வரத்திலிருந்து கம்பீரநாட்டையில் மல்லாரி புறப்படுகிறது. தவில் முழங்குகிறது. வீதியின் இருமருங்கிலும் நிற்கும் பக்தர்களின் கைகள் தாமாகவே குவிகின்றன.

அந்த மல்லாரிக்குச் சொற்கள் கிடையாது. பாட்டுப் புத்தகத்திலே தேடினால் கிடைப்பதில்லை. ஸ்வரங்களும் தாளக்கட்டுமே அதன் உடல். தீர்த்தம் கொண்டு வரும்போது ஒன்று, நைவேத்தியத் தளிகை வரும்போது ஒன்று, தேருக்கு ஒன்று என மல்லாரியில் பல வகைகள் உண்டு. குருவின் வாயிலிருந்து சீடனின் காதுக்கும், காதிலிருந்து விரலுக்கும் வழிவழியாக வந்த செல்வம் இது.

இன்று இச்செல்வத்தைக் கணினியில் எழுதி வைக்க முடியுமா என்ற கேள்வி எழுந்துள்ளது. இசை பயிலும் இளைஞர்கள் ஸ்வரக்குறிப்பு எழுதும் மென்பொருளைக் கையாளுகின்றனர். மேளக்காரர்களோ, காலங்காலமாய்ப் பேசிவரும் குழூஉச் சொற்களிலேயே பேசுகின்றனர். இரு தரப்பாரும் ஓரிடத்தில் அமரும்போது சுவையான உரையாடல் பிறக்கிறது. ஆலயத்தை நிர்வகிப்போரும் உபயதாரர்களும் கருத்தூன்றிக் கேட்க வேண்டிய உரையாடல் அது.

சம்பந்தப் பெருமான் காட்டிய வழி

இந்தக் கேள்வி நமக்குப் புதியதன்று. சேக்கிழார் பெருமான் 12ஆம் நூற்றாண்டிலேயே பெரியபுராணத்தில் இதற்கொரு வரலாறு கூறியுள்ளார். திருஞானசம்பந்தர் பாடும் பதிகங்களைத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் தமது யாழில் இட்டு வாசித்து வந்தார். தருமபுரத்தில் இருந்த பாணரின் சுற்றத்தார், இவர் யாழில் வாசிப்பதனாலேயே பதிகங்களின் புகழ் பெருகுகிறது என்று பேசினர். மனம் நொந்த பாணர், யாழில் அடங்காத ஒரு பதிகத்தைப் பாடியருள வேண்டுமெனச் சம்பந்தரிடம் விண்ணப்பித்தார். அவ்வாறு பாடப்பெற்றதே யாழ்மூரிப் பதிகம். விரல்கள் எட்டாமையால் வருந்திய பாணர், யாழையே உடைத்துவிட ஓங்கினார்.

சம்பந்தப் பெருமான் அதைத் தடுத்தருளினார். கருவியில் எல்லாம் அடங்கிவிடுமா என்று தேற்றி, யாழுக்கு இயன்ற அளவில் வாசித்து வருமாறு பணித்தார். கருவியை உடைக்கவும் இல்லை. கருவியே எல்லாம் என்று போற்றவும் இல்லை. கணினியைப் பற்றி முடிவெடுக்க முனைவோருக்கும் இதைவிடத் தெளிவான வழிகாட்டுதல் வேண்டியதில்லை.

'ரெண்டரைக் கட்டை' என்றால் என்ன?

மேளக்காரரிடம் அவரது வாத்தியத்தின் சுருதியைக் கேட்டால் "ரெண்டரைக் கட்டை" என்பார். மென்பொருளோ 'டி ஷார்ப்' என்ற பெயரையே அறியும். இரண்டும் ஒன்றுதான். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை வரிசையாக எண்ணி வந்த பேச்சு இது. முதல் கட்டை மேலைநாட்டாரின் 'ஸி'. இரண்டாவது கட்டை 'டி'. அதற்கும் மூன்றாவதற்கும் இடையிலுள்ள கறுப்புக் கட்டை இரண்டரை. ஐந்து கட்டை என்பது 'ஜி'. கணினியின் உள்ளே இவற்றுக்குப் பெயர் கூட இல்லை, எண்கள்தாம் உண்டு. 1983ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த 'மிடி' என்னும் ஏற்பாட்டில் 0 முதல் 127 வரை 128 எண்கள் ஸ்வரங்களுக்கு ஒதுக்கப்பட்டன. மத்திய ஸ்தாயியின் ஒரு கட்டைக்கு அதில் 60 என்ற எண். இரண்டரைக் கட்டைக்கு 63.

இவ்வாறே மேளக்காரர்களின் சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு பெரிய விளக்கத்தைத் தன்னுள் அடக்கியவை. நாவினால் காற்றை வெட்டி வெட்டி வாசிப்பது துத்துக்காரம். ஸ்வரங்கள் மின்னல் வேகத்தில் சுழன்று வருவது பிருகா. ஒரு சொற்கட்டை மூன்று முறை வாசித்து முடிப்பது மோரா. இரண்டு தவில்காரர்கள் மாறி மாறி வாசித்து, வாசிக்கும் அளவைப் படிப்படியாகச் சுருக்கிக்கொண்டு வருவது குறைப்பு. குட்டையான, உச்ச சுருதி நாதஸ்வரம் திமிரி. நீளமான, தாழ்ந்த சுருதி உடையது பாரி. திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) கைக்கொண்ட பிறகே பாரி பெரும் செல்வாக்குப் பெற்றது.

வாத்தியத்தின் உறுப்புகளுக்கும் தனிப் பெயர்கள் உண்டு. உடல் ஆச்சா மரத்தில் கடைந்தது. அடியில் விரிந்த பகுதி அணசு. நாணலில் செய்து உதட்டில் பொருத்தும் பகுதி சீவாளி. கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் ஆசாரிகள் கடையும் நாதஸ்வரம் 2022ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. பன்னிரண்டு துளைகள் உள்ள இக்கருவியில் விரல் படுவது ஏழில் மட்டுமே. அந்த ஏழு துளைகளில் அத்தனை ராகங்களையும் வரவழைப்பது விரலின் நுட்பமும் மூச்சின் அழுத்தமும் உதட்டின் பிடியும் ஆகும்.

பாறையில் தொடங்கிய எழுத்து

நம் முன்னோர் இசையை எழுதி வைக்கவில்லை என்று சிலர் கூறுவதுண்டு. அது முழு உண்மையன்று. ஈரோட்டை அடுத்த அரச்சலூரில், தமிழ் பிராமி எழுத்தில் ஆடல் சொற்கட்டுகள் பாறையில் பொறிக்கப்பட்டுள்ளன. புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள குடுமியான்மலையில், மேலைக்கோயில் என்னும் குடைவரையின் பக்கத்தில், 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இசைக் கல்வெட்டு உள்ளது. கிரந்த எழுத்தில் அமைந்த அக்கல்வெட்டு ஏழு பகுதிகளாக விரிகிறது. ஸ்வரங்கள் நான்கு நான்காகத் தொகுக்கப்பட்டுள்ளன. ஒரே ஸ்வரத்தை ச, சி, சு, செ என உயிர் மாற்றிக் குறித்திருக்கும் நுட்பம் வியப்புக்குரியது. சிவபெருமான் திருக்கோயிலின் பாறையே அன்று ஸ்வரக்குறிப்பின் ஏடாயிற்று.

அண்மைக் காலத்தில் இப்பணியைப் பெரிய அளவில் செய்தவர் எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர் (1839–1906). அவருக்குத் தூண்டுகோலாக இருந்தவர் ஏ. எம். சின்னசாமி முதலியார் என்னும் தமிழ்க் கிறிஸ்தவர். சென்னையில் அரசுப் பணியாற்றிய அவர், 1890களில் கர்நாடக இசை உருப்படிகளை மேலைநாட்டுக் குறியீட்டில் அச்சிட்டு வெளியிடத் தொடங்கினார். அவரும் எட்டயபுரம் மன்னரும் வற்புறுத்தியதன் பேரில், தமது குடும்பச் செல்வமான உருப்படிகளைச் சுப்பராம தீட்சிதர் நூலாக்க இசைந்தார். 1904ஆம் ஆண்டு 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' தெலுங்கு எழுத்தில் வெளிவந்தது. அசைவுக்கு ஓர் அடையாளம், ஏற்ற ஜாருவுக்கு ஒன்று, இறக்க ஜாருவுக்கு ஒன்று என்று கமகங்களுக்கும் தனிக் குறிகளை அமைத்ததே அந்நூலின் பெருமை.

தஞ்சையில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் (1859–1919), 1917ஆம் ஆண்டு 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். ஒரு ஸ்தாயிக்குள் சுருதிகள் 22 அல்ல, 24 என நிறுவ அவர் பாடுபட்டார். அந்த விவாதம் எவ்வாறாயினும், இசையின் நுண் அளவுகளைக் கணக்கிட்டு எழுத வேண்டும் என்ற தாகம் தமிழ் மண்ணில் கணினிக்கு வெகுகாலம் முன்பே இருந்தது என்பதில் ஐயமில்லை.

பட்டியலில் இல்லாத வாத்தியம்

பினாங்கு மக்களுக்குக் கணினி அந்நியப் பொருளன்று. 1972ஆம் ஆண்டிலேயே பாயான் லெப்பாஸ் வட்டாரத்தில் இன்டெல் நிறுவனம் தொழிற்சாலையைத் திறந்தது. கணினியின் உறுப்புகளை உலகுக்கு அனுப்பும் தீவு இது.

ஆனால் அந்தக் கணினி உலகம் நம் வாத்தியங்களை எந்த அளவுக்கு அறிந்து வைத்திருக்கிறது? 1991ஆம் ஆண்டு 'ஜெனரல் மிடி' என்ற பெயரில் 128 வாத்திய ஒலிகளின் பொதுப் பட்டியல் வகுக்கப்பட்டது. மின்னணு இசைக்கருவிகளும் மென்பொருள்களும் உலகெங்கும் பின்பற்றி வரும் பட்டியல் அது. அதில் 105ஆவது இடத்தில் சிதார் உண்டு. 112ஆவது இடத்தில் ஷெனாய் உண்டு. ஸ்காட்லாந்தின் பைக் குழலும் உண்டு. நாதஸ்வரம் இல்லை, தவிலும் இல்லை. ஆகவே அந்தப் பட்டியலை மட்டும் நம்பி மல்லாரியை எழுதி ஒலிக்கவிடும் இளைஞருக்குக் கிடைப்பது ஷெனாயின் குரல்தான். கேட்கும் மேளக்காரர் புன்னகைத்து நகர்ந்துவிடுவார்.

கர்நாடக இசைக்கென்றே 'காயகா' போன்ற மென்பொருள்களும் வந்தன. ஸ்வரங்களை எழுத்தாகத் தட்டினால் அவற்றை ஒலியாக்கித் தருவது இதன் சிறப்பு. புதிய கீர்த்தனையைக் கற்கும் மாணவருக்கு இது நல்ல துணை.

கணக்கு வரும், கமகம் வருமா?

கணினிக்கு இலகுவானது கணக்கு. திஸ்ரத்திற்கு மூன்று, சதுஸ்ரத்திற்கு நான்கு, கண்டத்திற்கு ஐந்து, மிஸ்ரத்திற்கு ஏழு, சங்கீர்ணத்திற்கு ஒன்பது என நடைகளை அது பிழையின்றிப் பகுக்கும். ஒரு மோரா சமத்தில் வந்து சேருகிறதா என்பதை நொடியில் காட்டிவிடும். ஒரே மல்லாரியை மூன்று காலங்களிலும் அடுத்தடுத்து ஒலிக்கச் செய்யும். தவில் பயிலும் மாணவன் வீட்டில் தனியாக அமர்ந்து சாதகம் செய்வதற்கு இதுபோன்ற உதவி முற்காலத்தில் கிடையாது.

கடினமானது கமகம். தோடி ராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொள்வோம். ஏட்டில் அது 'க' என்னும் ஓர் எழுத்து. வாத்தியத்திலோ அந்த ஸ்வரம் ஓரிடத்தில் நிற்பதில்லை; ரிஷபத்தையும் மத்யமத்தையும் தொட்டுத் தொட்டு அசைந்துகொண்டே இருக்கும். எழுதியபடி நேராக வாசித்தால் தோடி வராது. இராஜரத்தினம் பிள்ளையின் தோடியை மணிக்கணக்கில் கேட்டு மயங்கிய தலைமுறை, அந்தக் காந்தாரத்தின் அசைவைத்தான் கேட்டது. கணினியிலும் ஒலியை வளைக்க வழி உண்டு. ஆனால் எவ்வளவு வளைப்பது, எந்த இடத்தில் நிறுத்துவது என்று சொல்லிக் கொடுக்க ஒருவர் வேண்டும். அவர் முன்னமே காதால் கேட்டுப் பழகியவராக இருக்க வேண்டும்.

தேர் நின்றால் ராகம் நீளும்

இன்னொன்றும் எண்ணிப் பார்க்கத் தக்கது. வெள்ளி இரதம் தண்ணீர்மலை சென்றடைய நெடுநேரம் ஆகிறது. வழிநெடுகத் தேங்காய்கள் மலைபோல் குவிந்து கிடக்கும். தமிழர் மட்டுமன்றிச் சீன அன்பர்களும் நேர்த்திக்கடனாக உடைப்பர். அர்ச்சனைத் தட்டுகள் நீளும். இரதம் எந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது எவருக்கும் தெரியாது. 2017ஆம் ஆண்டு முதல் குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து புறப்படும் தங்க இரதத்திற்கும் இதே நிலைதான்.

மேளக்காரரின் கண் இரதத்தின் மீதே இருக்கும். இரதம் நின்றால் ராகம் நீளும். கற்பூரம் ஏற்றப்படும் கணத்தில் தவில் உச்சத்திற்கு எழும். இரதம் நகர்ந்தால் நடை மாறும். அதிகாலையில் பூபாளம், பள்ளியறையில் நீலாம்பரி என்ற வேளை முறையும் அவருக்குத் தெரியும். பதிவு செய்த இசைக்கும் எழுதி வைத்த குறிப்புக்கும் சுவாமி நிற்பது தெரியாது. பூஜை வேளையில் மின்விசையால் மணியையும் முரசையும் ஒலிக்கும் இயந்திரம் பல ஆலயங்களில் உண்டு. அது ஓசையைத் தரும். சுவாமியின் முகம் பார்த்து வாசிக்க அதனால் இயலாது.

ஒத்துக்காரரின் இருக்கை

கருவிகளின் வரவால் நேர்ந்த ஓர் இழப்பைப் பலர் கவனித்ததில்லை. பழைய மேளத்தில் நாதஸ்வரத்திற்குப் பின்னே ஒத்து ஊதுபவர் ஒருவர் இருந்தார். அவர் வேலை ஆதார சுருதியை இடைவிடாது ஊதுவது. கன்னத்தில் காற்றை அடக்கி வெளிவிட்டுக்கொண்டே மூக்கால் மூச்சை இழுக்கும் வித்தை அதற்கு வேண்டும். பெரும்பாலும் ஒத்து ஊதியவர் இளம் சீடரே. தாளம் போட்டவரும் தவில் பயிலும் சிறுவராகவே இருப்பதுண்டு.

சுருதிப்பெட்டி வந்தது. 1970களின் இறுதியில் பெங்களூரில் புல்லாங்குழல் கலைஞரும் பொறியாளருமான ஜி. ராஜ் நாராயண் மின்னணுச் சுருதிப்பெட்டியை உருவாக்கினார். இன்று கைப்பேசியிலேயே சுருதி ஒலிக்கிறது. வசதி பெரிது, செலவு குறைந்தது, சுருதியும் தவறுவதில்லை. ஆனால் ஒத்துக்காரரின் இருக்கை காலியானது. அந்த இருக்கை வெறும் வேலை அன்று, அதுவே பள்ளிக்கூடம். ஆண்டுக்கணக்கில் குருவின் முதுகுக்குப் பின்னே அமர்ந்து, ஒரு ஸ்வரத்தை ஊதிக்கொண்டே, மல்லாரிகளையும் ராகங்களையும் செவி வழியே பருகிய சிறுவன்தான் பிறகு வித்வானானான். பெட்டியோ எத்தனை ஆண்டுகள் சுருதி கொடுத்தாலும் ஒரு ராகத்தையும் கற்றுக்கொள்வதில்லை.

மலேசிய ஆலயங்களுக்கு இதன் பொருள் வெளிப்படையானது. நம் திருவிழாக்களில் ஒலிக்கும் மேளத்திற்குத் தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் வரும் கலைஞர்களையே பெரிதும் எதிர்பார்த்திருக்கிறோம். பயண அனுமதி தாமதமானால் ஆலயம் தவிக்கிறது. இசையார்வம் நம் பிள்ளைகளுக்கு இல்லாமலில்லை. உறுமி மேளம் வாசிக்க இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்களே! அந்த ஆர்வத்திற்கு அருகே நாதஸ்வரமும் தவிலும் கற்பதற்கு ஓர் இருக்கை போடப்பட்டால் அமர ஆள் இல்லாமலா போகும்?

ஏடும் பாட்டும்

மீண்டும் திருமுறை வரலாற்றுக்கே வருவோம். இராஜராஜ சோழ மன்னரும் நம்பியாண்டார் நம்பியும் தில்லையில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தபோது தேவார ஏடுகளைப் புற்று மூடியிருந்தது. பெரும்பகுதி அழிந்துபோனது. எஞ்சியதை எடுத்துத் தொகுத்தனர். ஆனால் எழுத்து மட்டுமே கிடைத்தது. எந்தப் பதிகத்தை எப்படிப் பாடுவதென்று ஏடு கூறவில்லை. திருஎருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியை இறைவன் காட்டியருளினான். அவர் பாடிக் காட்டியே பண்கள் வகுக்கப்பட்டன என்பது திருமுறை கண்ட வரலாறு. சொல்லை ஏடு காத்தது. இசையை ஒரு பெண்மணியின் நெஞ்சு காத்தது. ஏடு இல்லாதிருந்தால் பாட இயலாது. அப்பெண்மணி இல்லாதிருந்தால் பாட்டே இராது.

இக்காலத்தும் கரையான்கள் உண்டு. 1988ஆம் ஆண்டு வெளிவந்து, ஸ்வரக்குறிப்பு எழுதுவோரிடையே உலகப் புகழ் பெற்ற 'ஃபினாலே' மென்பொருளின் வளர்ச்சி 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நிறுத்தப்பட்டது. 35 ஆண்டுகளுக்கு மேலாக அதில் எழுதி வைத்தவர்கள், தங்கள் கோப்புகளை வேறு மென்பொருளுக்கு மாற்றும் வேலையில் இறங்க நேர்ந்தது. ஒரு நிறுவனத்தின் மென்பொருளை மட்டும் நம்பி எழுதி வைப்பது, ஒரே அறையில் ஏட்டைப் பூட்டி வைப்பதற்கு ஒப்பாகும்.

ஆலயங்கள் செய்யத்தக்கவை

முதலாவது, எழுதி வைத்தல். வெளியூர்க் கலைஞர்கள் திருவிழாவுக்கு வரும்போது அவர்களது இசைவைப் பெற்று, மல்லாரிகளையும் அந்தந்த வேளைக்குரிய உருப்படிகளையும் ஒலிப்பதிவு செய்து, ஸ்வரக்குறிப்பும் எழுதுவித்துக் கொள்ளலாம். 'மியூஸ்கோர்' போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய 'மியூசிக் எக்ஸ்எம்எல்' வடிவில் ஒரு பிரதியும், தமிழ் எழுத்தில் காகிதப் பிரதி ஒன்றும் ஆலயத்தில் இருத்தல் நலம்.

இரண்டாவது, இருக்கை தருதல். சுருதிப்பெட்டிக்கு அருகே ஒரு பிள்ளை அமரட்டும். தாளத்தைக் கையில் கொடுத்து, ஒவ்வொரு விசேஷ பூஜையிலும் மேளத்துடன் இருக்கச் செய்யலாம். ஒரு சமயத்தார்க்கே உரியதென்று எண்ண வேண்டியதில்லை. இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா (1924–1999) திருவரங்கத்தில் வாழ்ந்து அரங்கனுக்கு நாதஸ்வரத் தொண்டு புரிந்தார். இக்கலையைக் கற்பிக்கப் பள்ளியும் நிறுவினார். ஆண்களுக்கே உரியதென்ற எண்ணத்தை மதுரை பொன்னுத்தாய் அந்நாளிலேயே மாற்றிக் காட்டினார்.

மூன்றாவது, உபயம். அன்னதானத்திற்கும் அபிஷேகத்திற்கும் உபயம் ஏற்கும் அன்பர்கள், ஒரு மாணவரின் ஓராண்டுப் பயிற்சியையும் உபயமாக ஏற்கலாம். பழனி தேவஸ்தானம் தவில், நாதஸ்வரப் பள்ளியை நடத்தி வருகிறது. தண்டாயுதபாணியின் தலைமைப் பதியே காட்டும் வழி இது.

வருங்காலத்தில் ஒரு தைப்பூசத்தன்று, ஜார்ஜ் டவுனில் பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளை வெள்ளி இரதத்தின் முன் நின்று மல்லாரி வாசிக்கட்டும். அவன் பையில் கணினியில் எழுதிய குறிப்பு இருக்கலாம். ஆனால் அவன் கண் இரதத்தின் மீதும், காது குருவின் மீதும் இருக்க வேண்டும். அந்நாளை நமக்கு விரைவில் காட்டியருளத் தண்ணீர்மலை வாழ் பாலதண்டாயுதபாணியின் திருவடிகளை வேண்டுவோமாக.